மீனுக்கு ஓர் அறை, பூவுக்கு ஓர் அறை

ஈப்போவுக்கு அருகே, சிம்பாங் பூலாய் சந்திப்பின் சிவப்பு விளக்கில்தான் அந்த யோசனை வந்தது. எனக்கு முன்னால் கேமரன் மலையிலிருந்து இறங்கிய திறந்த லாரி ஒன்று நின்றது. ஈரச் சாக்குக்கு அடியில் செவ்வந்தி வெயிலில் வாடிக்கொண்டிருந்தது. என் பெரியம்மா மகனும் அதே மலையிலிருந்துதான் தினமும் இறங்குகிறார். ஹுத்தான் மெலிந்தாங் மீன்துறையில் மீன் ஏற்றி, தாப்பா வழியாக மலையேறி, மீனை இறக்கிவிட்டு, குளிர்ப்பெட்டி லாரியை ஈப்போவுக்கு வெறுமனே ஓட்டிக்கொண்டு வருவார். அங்கே பூ வெந்துகொண்டிருக்கிறது, இங்கே குளிர் காலியாகப் போகிறது. விளக்கு பச்சையாவதற்குள் மனதில் எல்லாவற்றையும் பொருத்திவிட்டேன்.

லாரிகளுக்குக் குளிர்சாதனம் பொருத்தும் ஈப்போ நிறுவனம் ஒன்றில் நான் விற்பனையில் இருக்கிறேன். சந்தை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்ப்பது என் வேலை, பைத்தியமும்கூட. முன்பெல்லாம் பெட்டி முழுக்க ஒரே குளிர் போதும் என்பார்கள். இப்போது வருகிறவர்கள் நடுவே தடுப்பு வைத்து, ஒரு பக்கம் உறைநிலை, மறுபக்கம் லேசான குளிர் கேட்கிறார்கள். கடைகளுக்குச் சரக்கு கொடுப்பவர்களுக்கு ஐஸ்கிரீமும் கீரையும் ஒரே லாரியில் போக வேண்டும். இன்னும் சிலர், இரவில் எஞ்சினை ஓட்டாமல் வீட்டு மின்சாரத்தில் செருகும் வகையை விசாரிக்கிறார்கள்.

அண்ணனிடம் படம் போட்டுக் காட்டினேன். முன்னறையில் மீன் மேலே போகும், மீன் வாடை படாத பின்னறையில் பூ கீழே வரும்.

"பூக்கடைக்காரங்க எடுப்பாங்களாடா?"

"எடுப்பாங்கண்ணே. சந்தையே இப்ப இந்தப் பக்கம்தான் போகுது."

"நீ படிச்சவன். சொன்னா சரியாத்தான் இருக்கும் லா," என்று லாரியை எங்கள் பட்டறையில் விட்டார். தடுப்பு ஏறியது, பின்னறைக்குத் தனி விசிறி ஏறியது. செலவு அவருடையது. இனி அந்தப் பின்னறை தினமும் நிறைந்தால்தான் அவருக்குப் பிழைப்பு.

முதல் பூ இறங்கியது ஆடி வெள்ளிக்கு முந்தின நாள், ஈப்போ லிட்டில் இந்தியாவில் பூக்கடை வைத்திருக்கும் ஓர் அக்காவிடம். நானும் கூடப் போயிருந்தேன். பெட்டியைத் திறந்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. "இப்பதான் பறிச்ச மாதிரி இருக்கே தம்பி," என்று ஒரு கொத்தைக் கையில் எடுத்தார். எடுத்தவர் லாரியை எட்டிப் பார்த்தார்.

"அண்ணே, முன்னாடி அறையில என்ன ஏத்துவீங்க?"

"மீன் லா அக்கா. மலையிலேயே இறக்கியாச்சு, அதுவும் தனி அறை," என்றார் அண்ணன். பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

அக்கா கொத்தைத் திரும்பப் பெட்டியிலேயே வைத்தார். "நாளைக்கு அம்மனுக்குப் போற பூ இது."

நான் குறுக்கே விழுந்தேன். "ரெண்டும் கலக்காதுக்கா. தனிக் காத்து, தனி விசிறி. வாடையே வராது, வேணும்னா மோந்து பாருங்க."

"நீ மூக்கப் பத்திப் பேசுற தம்பி. நான் சாமியப் பத்திப் பேசுறேன்."

கடையில் மாலை கட்டிக்கொண்டிருந்த ஆள் தலை நிமிராமல் என்னிடம், "மச்சான், இடையில ரெண்டு நெத்திலி வெச்சுக் கட்டவா?" என்றார். கடையே சிரித்தது. அண்ணனும் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

எனக்குச் சுருக்கென்றது. "இந்தக் காலத்துலயும் இப்படியாக்கா?" என்றேன்.

அக்கா கோபப்படவில்லை. "இந்தக் காலத்துலதான் தம்பி நான் கடை நடத்துறேன். மீன் லாரியில வந்த பூன்னு கோயில்ல ஒருத்தர் சொன்னாப் போதும்." பிறகு அண்ணனைப் பார்த்து, "இதைச் சீனர் கல்யாணக் காருக்கு வெச்சுக்கிறேன் அண்ணே. அடுத்த தடவ வேணாம்," என்றார்.

எனக்குத் தெரியாத விஷயமா இது? பழைய ரப்பர் தோட்டத்தை அழித்துக் கட்டிய தாமான் குடியிருப்பில்தான் எங்கள் வீடு. புரட்டாசி பிறந்தால் அம்மா எங்கள் ஐஸ்பெட்டியிலிருக்கும் மீனையெல்லாம் எடுத்துப் பக்கத்து வீட்டுச் சீன அத்தையின் ஐஸ்பெட்டியில் குடிவைத்துவிடுவார். பையைத் தூக்கிக்கொண்டு போகிறவன் நான். போன வருடமும் போனேன். அதே கையால்தான் அந்தப் படத்தையும் வரைந்தேன். நான் போட்டு வைத்திருந்த அட்டவணையில் குளிர் இருந்தது, தூரம் இருந்தது, டீசல் இருந்தது. என் வீட்டுப் பழக்கம் மட்டும் இல்லை.

பட்டறைக்குத் திரும்பும் வழியில் அண்ணன் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இறங்கும்போது, "சாப்பிட்டியாடா?" என்றார். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அக்காவிடம் நான் கேட்ட அந்த 'இந்தக் காலத்துலயும் இப்படியா' இன்னமும் காதில் எரிகிறது. அடுத்த வார விற்பனைக் கூட்டத்தில் இரட்டை அறை லாரியைப் பற்றி நான்தான் பேச வேண்டும் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். தலையாட்டினேன், அதுவும் கூச்சமாக இருந்தது.

தடுப்பைக் கழற்றிவிடலாமா என்று அண்ணனிடம் கேட்டேன். "போட்டாச்சு லா, வேற என்ன ஏத்தலாம்னு பாரு," என்றார். திங்கட்கிழமை விடுப்பு எடுத்து அவரோடு மலையேறுகிறேன். ஈப்போவுக்குத் தக்காளியும் கோசும் அனுப்புகிற தோட்டங்களில் ஒவ்வொன்றாகக் கேட்கப்போகிறோம். முன்னறையில் என்ன போகிறது என்பதை முதலில் சொல்லிவிட்டு, பிறகுதான் குளிரைப் பற்றிப் பேசுவேன். அதற்கு முன்னால், ஞாயிறு காலை, கூட்டம் சேர்வதற்குள் பூக்கடைக்குப் போக வேண்டும். அக்காவிடம் மன்னிப்புக் கேட்பதை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. போய் நின்றுவிடலாம் என்றிருக்கிறேன்.