இடது பக்கச் சிராய்ப்புகள்

பட்டறையில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். நேருக்கு நேர் யாரும் சொல்ல மாட்டார்கள். இருந்தாலும் அவளுக்குத் தெரியும். அவள் கண்ணுக்குத் தப்பி அங்கே ஒரு தூசி உட்கார முடியாது என்பதால் வந்த பெயர்தானே அது.

பட்டறை அவளுடைய அண்ணனுடையது. லாரிகளுக்குப் பெயின்ட் அடிக்கும் இடம். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பெயின்டர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார். பாதியில் கிடந்த பம்பரை முடித்துக் கொடுப்பதற்காக ஸ்ப்ரே கன்னைக் கையில் எடுத்தவள், அதற்குப் பிறகு கீழே வைக்கவில்லை. அதிலும் லாரியின் வெளிப்பக்கத்து பிளாஸ்டிக் பாகங்கள் என்றால் அவளைத் தவிர வேறு யாரையும் அண்ணன் தொட விடமாட்டான்.

இரும்பு வெள்ளந்தி. பூசியதை வாங்கிக்கொள்ளும். பிளாஸ்டிக் அப்படியில்லை. வாய் நிறையப் பேசிவிட்டு வீட்டுக்குப் போனதும் மாற்றிச் சொல்லும் சம்பந்தி மாதிரி. அடித்த அன்றைக்குப் பளபளவென்று இருக்கும், ஒரு மாதம் கழித்துத் தோல் உரிந்து தொங்கும். அதனால் அவள் எதையும் நம்ப மாட்டாள். கழுவிய பாகத்தின் மேல் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பாள். தண்ணீர் சீராகப் படர்ந்தால் சரி. முத்து முத்தாக உருண்டால் எண்ணெய்ப் பசை இன்னும் எங்கோ ஒளிந்திருக்கிறது, மறுபடி கழுவ வேண்டும். பெயின்டுக்கு அடியில் பூசும் பிரைமர் புது டப்பாவாக வந்தால் மூடியைத் திறந்து மோந்து பார்ப்பாள். வீட்டிலும் அதே கதைதான். பூட்டிய பூட்டைத் தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பாள். கணவர் இருமினால் அது எந்த மாதிரி இருமல் என்று கேட்பாள்.

கணவர் லாரி ஓட்டுநர். குள்ளமான, அதிர்ந்து பேசாத மனிதர். ஒரே முதலாளியிடம், ஒரே வண்டியில் ஆறு வருஷம். அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் அவள் பட்டறைக்கு வந்தபோது அந்த லாரி வாசலில் நின்றுகொண்டிருந்தது. கணவர் அதன் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“பம்பர், மட்கார்டு ஓரம், கண்ணாடி மூடி, படி, எல்லா பிளாஸ்டிக்கும் வெளுத்துப் போச்சு. கறுப்பு அடிச்சுக் கொடுத்துடு,” என்றார்.

“முதலாளி சொன்னாரா?”

“அவர் எதுக்குச் சொல்லணும். வண்டி நம்ம கையிலதான இருக்கு, நாமதான் பாத்துக்கணும்.”

ஆறு வருஷத்தில் ஒரு வைப்பரைக்கூட முதலாளியைக் கேட்காமல் மாற்றாத மனிதர். அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் சக்கரத்தைப் பார்த்தார்.

“திங்கக்கிழமைக்குள்ள முடிஞ்சா நல்லது,” என்றார். “அன்னிக்கு எல்லா வண்டியையும் வரிசையா நிறுத்திப் பாக்கப் போறாராம்.”

அவர் போன பிறகு அவள் பாகங்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, வலது பக்கத்தவற்றை ஒரு மேசையிலும் இடது பக்கத்தவற்றை இன்னொரு மேசையிலும் பரப்பினாள். சூடான சோப்புத் தண்ணீரும் பிரஷ்ஷுமாக வலது பக்கத்திலிருந்து ஆரம்பித்தாள். வெயிலில் வெளுத்த சாதாரண பிளாஸ்டிக், அவ்வளவுதான். தேய்த்ததும் தண்ணீர் சாம்பல் நிறத்தில் ஓடியது.

இடது பக்கத்துக் கண்ணாடி மூடியில் பிரஷ்ஷை வைத்ததும் நுரை கன்னங்கரேலென்று ஆனது. மோந்து பார்த்தாள். ஷூ பாலிஷ்.

பிளாஸ்டிக்குக்கு ஷூ பாலிஷ் போடுவது பெயின்டர் வீட்டில் நடக்கக்கூடாத காரியம். அந்த மெழுகு துளி இருந்தாலும் மேலே அடிக்கும் பெயின்ட் மீன் கண் மாதிரி குழிகுழியாக விலகிக்கொள்ளும். அது அவருக்கும் தெரியும், அவளே பத்துத் தடவை சொல்லியிருக்கிறாள். மூன்று முறை கழுவியதும் பாலிஷ் போய் அடியில் இருந்தது வெளியே வந்தது. நீளமான கீறல்கள். பம்பரின் இடது மூலையிலும் அப்படியே. சக்கரத்துக்கு மேலே வளைந்திருக்கும் ஓரத்திலும் அப்படியே. ஒரே நாளில் விழுந்தவை அல்ல. சிலவற்றில் அழுக்கு நன்றாக ஊறியிருந்தது, சில அதற்குப் பிந்தியவை. ஒன்றில் யாருடைய சுவரிலிருந்தோ ஒட்டிய மஞ்சள் சுண்ணாம்பு. வலது மேசையில் ஒரு கோடுகூட இல்லை.

“என்கிட்டயே ஷூ பாலிஷா?” என்று அவள் தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவளால் சும்மா கழுவ முடியவில்லை. இடது பக்கத்துப் படியை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினாள். ஓட்டுநர் ஏறுவது வலது பக்கம். இடது பக்கத்துப் படியில் மிதிப்பதற்கு ஆளே கிடையாது, கணவர் தனியாகத்தான் ஓட்டுகிறார். ஆனால் அந்தப் படியின் நடுப்பகுதி சொரசொரப்பு போய் வழவழவென்று தேய்ந்திருந்தது. அதே பக்கத்துக் கைப்பிடியும் மெருகேறி மின்னியது. யாரோ அந்தப் பக்கமாக ஏறி இறங்கியிருக்கிறார்கள். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, மாதக்கணக்காக.

கையைத் துடைத்துக்கொண்டு வண்டிக்குள் எட்டிப் பார்த்தாள். கணவருக்கு இடுப்பு வலிக்கிறது என்று பழைய போர்வையை மடித்து அவளே தைத்துக் கொடுத்த பச்சை மெத்தை ஓட்டுநர் இருக்கையில் இல்லை. இடது இருக்கையில் இருந்தது. நடுவில் அமுங்கி, பழகிப்போய்.

தைத்த கைக்காரி இங்கே சோப்புத் தண்ணீரில் நிற்கிறாள், அங்கே எவளோ அதில் சாய்ந்துகொண்டு ஊர் சுற்றுகிறாள்.

மறுநாள் மதியம் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனபோது, சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்டாள்.

“வண்டியில யாரையாவது ஏத்துறீங்களா?”

“யாரை ஏத்தப் போறேன்.”

“இல்ல, கேட்டேன். தனியாப் போறது பேச்சுத்துணை இல்லாம இருக்குமே.”

“ரேடியோ இருக்கு,” என்றார் தட்டைப் பார்த்தபடி. பிறகு வழக்கத்தைவிட அதிகமாக ஒரு கரண்டி சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பொய் சொன்னால் அவருக்குப் பசிக்கும். பெண் பார்க்க வந்த அன்றே அவள் கண்டுபிடித்த விஷயம் அது.

வியாழக்கிழமை காலையில் கதவோரத்துப் பட்டைகளைச் சுற்றி, பெயின்ட் வெளியே படாமலிருக்க மாஸ்கிங் டேப் ஒட்ட வேண்டியிருந்தது. அவை கழற்ற வராதவை. உள்பக்கம் ஒட்டுவதற்காக ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். கால் கிளட்ச் வரை எட்டவில்லை. இருக்கையைக் கடைசி வரை பின்னால் தள்ளி வைத்திருந்தார்கள். அவள் கணவரைவிட நான்கு விரல் உயரம். கல்யாணப் போட்டோவுக்காக அவர் ஒரு செங்கல் மேல் நின்றது இன்றைக்கும் குடும்பத்தில் பேச்சு. அவளுக்கே எட்டாத கிளட்ச் அவருக்கு எப்படி எட்டும்?

டேப்பைக் கையில் சுற்றியபடியே இறங்கி அண்ணனிடம் போனாள்.

“அண்ணே, செவ்வாக்கிழமை இந்த வண்டிய யார் கொண்டுவந்து நிறுத்துனது?”

அண்ணன் ஒரு போல்ட்டை ரொம்ப அக்கறையாகத் துடைத்தான். “மாப்ளதான் கூட வந்தாரு.”

“கூட வந்தாருன்னா, ஓட்டுனது யாரு?”

“நெட்டை,” என்றான். வேலை இல்லாமல் இருந்த ஒரு நெடிய ஓட்டுநர் அவன், எல்லோருக்கும் தெரிந்தவன். “முன்னாடியும் ரெண்டு மூணு தடவை பாத்தேன். நெட்டை ஓட்டுறான், மாப்ள பக்கத்துல உக்காந்திருக்காரு. உன்கிட்ட சொன்னா நீ எதையாவது நினைச்சுக்குவியேன்னு சொல்லல.”

“நினைக்கறதுக்கு என்ன இருக்கு?”

“அது எனக்குத் தெரியாதும்மா. நான் கேக்கல.”

சொந்த அண்ணனும் ஒளிக்கிறான் என்று அவள் மனதுக்குள் குறித்துக்கொண்டாள். ஆக, எவளும் இல்லை. தேய்ந்த படி கணவர் மிதித்த படி. மெத்தை அவர் சாய்ந்த மெத்தை. ஒரு பாரம் இறங்க, இன்னொன்று ஏறியது. நல்ல கையும் காலும் உள்ள ஓட்டுநர் தன் வண்டியில் எதற்காகப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து போக வேண்டும்?

சாயங்காலம் கணவர் வேலை எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று பார்க்க வந்தார். வலது பக்கத்துப் பாகங்கள் நாரால் உரசி, துடைத்து, பிளாஸ்டிக் பிரைமர் அடித்துக் காய்ந்துகொண்டிருந்தன. இடது பக்கத்தவை கீறல் தெரியக் கழுவியபடியே கிடந்தன. அவர் வலது மேசையைக் குனிந்து பார்த்தார்.

அவள் சத்தமில்லாமல் அவருக்கு இடது பக்கமாகப் போய் நின்று, டேப் சுருளைக் கையில் வைத்து நீட்டினாள். அவர் திரும்பவில்லை. இன்னும் கிட்டே கொண்டுபோனாள். காதுக்கு ஒரு சாண் தூரம். அவர் பாட்டுக்கு, “பிரைமர் காய எவ்வளவு நேரமாகும்?” என்று காற்றைக் கேட்டுக்கொண்டிருந்தார். கையை மெல்ல முன்னால் நகர்த்தினாள். கன்னத்தைத் தாண்டி, மூக்கு நுனிக்கு நேராக வந்த பிறகுதான் அவர் திடுக்கிட்டுப் பின்னால் நகர்ந்தார்.

“எப்ப வந்தே நீ?”

அவள் சுற்றி வந்து வலது பக்கத்தில் நீட்டினாள். உடனே வாங்கிக்கொண்டார். வாங்கிய பிறகுதான் அவள் செய்தது என்னவென்று அவருக்கு விளங்கியது. டேப்பைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே நின்றார்.

“எத்தனை மாசமா?” என்றாள்.

“மழைக்கு முன்னாடியே கொஞ்சம் கொஞ்சமா. நாலு மாசம் முன்னாடி டாக்டர்கிட்ட போனேன். கண்ணுல அழுத்தமாம். இடது கண்ணுல போனது இனி வராது, இருக்கிறதக் காப்பாத்தலாம்னார்.”

“அப்புறமும் ஓட்டுனீங்க.”

“ஒரு மாசம் ஓட்டுனேன். சுவர்ல உரசுச்சு, தூண்ல உரசுச்சு. சமாளிச்சேன். ஒரு நாள் கண்ணாடில டப்புன்னு சத்தம் கேட்டுச்சு. நிறுத்திப் பாத்தா ஒரு சைக்கிள்காரர். கைப்பிடிதான் தட்டியிருக்கு, அவர் விழல. பரவாயில்லன்னு கையைக் காட்டிட்டுப் போனார்.” அவர் குரல் இறங்கியது. “நான் அவரைப் பாக்கவே இல்ல. அப்படி ஒரு ஆள் அங்க இருந்ததே எனக்குத் தெரியாது. அன்னிக்கு நெட்டையைக் கூப்பிட்டேன். அதுக்கப்புறம் ஸ்டீயரிங்கைத் தொடல.”

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா, முதலாளிகிட்டச் சொல்லுன்னு சொல்லுவே.”

“ஆமா.”

“அதான்.”

அவள் இடது மேசையின் ஓரத்தில் உட்கார்ந்தாள். வேறொருத்தி இருந்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம், அண்ணனைக் கூட்டிக்கொண்டு போய் நியாயம் கேட்டிருக்கலாம். கண்ணுக்குள் ஏறிய அழுத்தத்திடம் யார் போய் என்ன கேட்பது? அதையும் தாண்டி ஒரு கோபம் அவளைக் குடைந்தது. உலகத்தையே சந்தேகப்படுகிறவள் என்று பெயர் வாங்கியது அவள். இந்த மனிதரோ நான்கு மாதமாக ஒரே வீட்டில் இருந்துகொண்டு அவளைச் சந்தேகப்பட்டிருக்கிறார்.

“இந்தக் கீறலைத் தேய்ச்சு, மேல பெயின்ட் அடிச்சு, திங்கக்கிழமை நான் ஒளிச்சுக் கொடுக்கணும். அதுக்குத்தான என்கிட்ட கொண்டுவந்தீங்க?”

அவர் டேப் சுருளின் நுனியை நகத்தால் கிளறினார்.

“அடிக்கிறேன். பாதியில விட மாட்டேன். ஆனா முதல்ல அவர் வந்து பாக்கட்டும்.”

முதலாளி வெள்ளிக்கிழமை வந்தார். கணவரே போன் செய்து வரச் சொன்னார், அவள் பக்கத்தில் நின்று ஒவ்வொரு சொல்லையும் கேட்டுக்கொண்டிருந்தாள். முதலாளிக்குப் பருத்த உடம்பு, குறைந்த பேச்சு. இடது மேசையில் கிடந்த பாகங்களை ஒவ்வொன்றாக எடுத்து, கீறல்களின் மேல் கட்டைவிரலை ஓட்டினார். கணவர் சொல்வது முழுவதையும் கேட்டார்.

“மூணு மாசமா என் வண்டி யார் கையில இருந்துச்சுன்னு எனக்கே தெரியல,” என்றார் கடைசியில். “அந்த சைக்கிள்காரர் விழுந்திருந்தா?”

“விழுந்திருக்கலாம்ங்க,” என்றார் கணவர்.

முதலாளி கண்ணாடி மூடியை வைத்துவிட்டு நடந்தார். வாசலில் நின்று, “வேலைய முடிங்க,” என்று அவளிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

சனிக்கிழமை அவள் இடது பக்கத்தை எடுத்தாள். கீறல்களை உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்துச் சமமாக்கினாள். தண்ணீர் ஊற்றினாள், உருண்டது. மறுபடி கழுவினாள். ஐந்தாவது முறைதான் படர்ந்தது. பிரைமரை ஈரம் தெரிகிற அளவுக்கு மட்டும் மெல்லிசாக விட்டாள். அது இழுத்துக்கொண்டதும் கறுப்பை மூன்று கையாக அடித்தாள், ஒவ்வொன்றுக்கும் நடுவே பத்து நிமிஷம் காத்திருந்து. அவள் தன் வலது பக்கம் இருக்கும்படி கணவர் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, நேரம் ஆனதும் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் ஒரு துண்டு டேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுத்தாள். டேப் பெயின்ட் ஒட்டாமல் சுத்தமாக வந்தது. வேறு இடத்தில் ஒட்டி இழுத்தாள். அங்கேயும் சுத்தம்.

வண்டியை நெட்டை ஓட்டிக்கொண்டு போனான். இனி அது அவன் வண்டிதான் என்று முதலாளி சொல்லியனுப்பியிருந்தார். கணவரின் வேலையைப் பற்றி அவரிடமிருந்து மூன்று வாரம் ஒரு தகவலும் இல்லை. அந்த மூன்று வாரமும் கணவர் வீட்டு வாசல் கதவின் கீலுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டே இருந்தார். பிறகு கிடங்கில் சரக்கு ஏற்றி இறக்குவதை மேற்பார்க்க ஆள் வேண்டும் என்று கூப்பிட்டார்கள். முதல் மாதம், நின்ற இடத்திலேயே நிற்கிற வேலை என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். இப்போது கிடங்கில் எந்த ஓட்டுநர் எப்படிப் பின்னால் எடுக்கிறான் என்று சாப்பிடும்போது குறை சொல்கிறார். நெட்டையைப் பற்றித்தான் அதிகம்.

கண்ணுக்குத் தினமும் இரண்டு வேளை சொட்டு மருந்து. அவர் விட்டுக்கொண்டேன் என்பார். அவள் குப்பியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள். ஒரு நாள் மருந்து நின்ற மட்டத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டு வைத்தாள். மறுநாள் அந்தக் கோட்டுக்குக் கீழே இன்னொரு கோடு இருந்தது, அவர் போட்டது. அவள் அதையும் நம்பவில்லை. பரிசோதனைக்குப் போகும்போது உள்ளேயே போய் அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்று இயந்திரத்தைப் பார்த்தாள். வலது கண் தேவலை என்று டாக்டர் சொன்னதும் வேறொரு டாக்டரிடம் கூட்டிப் போனாள். அவரும் அதையே சொன்னார். மூன்றாவதாக ஒருவர் இருக்கிறார் என்று அண்ணன் சொல்லியிருக்கிறான். அடுத்த வாரம் போகிறார்கள்.