பழனியப்பன் மடித்த சேலை

படம் இரண்டே கால் மணி நேரம். அதில் பழனியப்பன் வந்தது நான்கு நிமிடம். மீதி நேரம் கதாநாயகன் ஆட்களை உதைத்துக்கொண்டிருந்தான். அடி விழுவதற்கு முன்பே அடித்த சத்தம் வந்தது. தீப்பிடித்து எரிந்த கார் அடுத்த காட்சியில் கழுவித் துடைத்ததுபோல் நின்றது. படகுத்துறையில் தொடங்கிய துரத்தல் எப்படிக் கொடிமலை உச்சிக்குப் போனது என்று எடுத்தவருக்கே தெரிந்திருக்காது. ஞாயிற்றுக்கிழமை மதியம், கொட்டகையில் பதினொரு பேர். எல்லாரும் சிரித்தார்கள். நவமணியும் சிரித்தாள். புருஷன் நடித்த படம் என்பதற்காக வாயை மூடிக்கொள்கிற ஆள் இல்லை அவள்.

பக்கத்தில் பழனியப்பன் கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இந்த நான்கு நிமிடத்தைப் பார்த்துவிட்டுக் கோலாலம்பூரிலிருந்து வேறொரு இயக்குநர் கூப்பிட்டிருந்தார். முப்பது நாள் வேலை, பெரிய வேஷம். வருகிறேன் அல்லது வரவில்லை என்று இன்று ஆறு மணிக்குள் சொல்லியாக வேண்டும்.

பழனியப்பனுக்கு ஐம்பத்து மூன்று வயது. வீடு பட்டர்வொர்த்தில். தினமும் ஃபெரி ஏறி அக்கரைக்குப் போய், லிட்டில் இந்தியாவில் ஒரு சேலைக் கடையில் இருபத்தேழு வருடமாக நிற்கிறார். கடை முதலாளியைத் தவுக்கே என்றுதான் சொல்வார். கோயில் மண்டபத்தில் நவராத்திரி நாடகம் என்றால் முதல் ஆளாகப் பெயர் கொடுப்பார். போன வருடம் எமன் வேஷம். "அது எமன் இல்லங்க, வயித்து வலிக்காரன்" என்று நவமணி ஒரே வரியில் முடித்துவிட்டாள்.

அந்தச் சேலைக் கடையில்தான் குகன் என்ற பையன் இந்தப் படத்தை எடுக்க வந்தான். கடைக்காரராக நடிக்க வேண்டியவருக்குக் காய்ச்சல். "அண்ணே, நீங்களே நில்லுங்கலா" என்று இவரை நிறுத்திவிட்டான்.

திரையில் அந்தக் கடை வந்தது. கடைக்காரரின் மகனைக் கொன்ற ரௌடிகள், போலீசுக்குப் போகாதே என்று அப்பனை மிரட்ட வருகிறார்கள். அலமாரியைச் சாய்க்கிறார்கள். ஒருவன் சேலைமேல் சப்பாத்துக் காலை வைக்கிறான். பழனியப்பன் கத்தவில்லை. மெதுவாகக் குனிந்து அவன் காலைப் பிடித்துத் தள்ளினார்.

"கால எடு தம்பி. பட்டு."

தரையில் உட்கார்ந்து அந்தச் சேலையை மடியில் போட்டு மடித்தார். பிறகு தலையைத் தூக்கி, மகனைக் கொன்றவனைப் பார்த்து, தினமும் நூறு பேரிடம் கேட்பதைக் கேட்டார்: "வேற என்ன காட்டட்டும்?"

கொட்டகையில் ஒரு சத்தம் இல்லை. நவமணி கையிலிருந்த கச்சான் கடலையைத் தின்ன மறந்துவிட்டாள்.

படம் முடிந்து இருவரும் ஃபெரி ஏறினார்கள். உட்கார்ந்ததும் அவர்தான் ஆரம்பித்தார்.

"நான் போகல மணி."

"ஏனாம்?"

"அது நடிப்பே இல்ல. பழைய ஸ்டாக்க மட்டும் மிதிக்கவிடுன்னு தவுக்கே சொல்லியிருந்தாரு. அவசரத்துல ஒரு நல்ல பட்ட எடுத்து வைக்க மறந்துட்டேன். அவன் அதுமேல கால வச்சான். முதலாளிக்கு என்ன பதில் சொல்றதுன்னு பயம். குகன் ரெண்டு பக்கம் வசனம் குடுத்திருந்தான், எல்லாம் மறந்துபோச்சு. ஊரே நடிப்புங்குது. அங்க போய் முப்பது நாள் நின்னா சாயம் வெளுத்துரும்." அவள் பக்கம் திரும்பினார். "நீ பொய் சொல்லமாட்ட. நீ சொல்லு."

"படம் குப்பை."

"அது தெரியும்லா."

"கால தள்ளுனது பட்டுக்காகத்தான். மூஞ்சியில தவுக்கே தெரிஞ்சாரு."

அவர் தலை தொங்கிவிட்டது. நவமணி விடவில்லை.

"அப்புறம் மடிச்சீங்களே, முந்தானைய உள்ள விட்டு மடிச்சீங்க. ஏன்?"

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"இருபத்தேழு வருஷத்துல ஒரு சேலையாவது அப்படி மடிச்சிருக்கீங்களா? தூக்கத்துல மடிச்சாலும் உங்களுக்கு முந்தானை மேலதான் வரும். அதக் காட்டித்தானே விக்கிறீங்க. வீட்டுல நான் மாத்தி மடிச்சா பிரிச்சுப் போட்டு மறுபடி மடிக்கிற ஆளு நீங்க."

பழனியப்பன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார்.

"மகன் செத்துப்போயிருக்கான். அப்பங்காரனுக்குக் கை எப்படி ஒழுங்கா மடிக்கும்னு தோணுச்சு."

"எப்ப தோணுச்சு? வீட்டுக்கு வந்தப்புறமா?"

"மடிக்கிறப்பவே."

"அப்ப பயம் பட்டோட முடிஞ்சிருச்சு. மிச்சத்த யாரு பண்ணா, தவுக்கேயா?" என்றாள். "எமனா வந்தப்போ நல்லா இல்லன்னு சொன்னேன்ல? இது நல்லா இருந்துச்சு. கச்சான் பொட்டலம் அப்படியே இருக்கு, பாருங்க."

அவர் பொட்டலத்தைப் பார்க்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைப்பதைப் பார்க்காததுபோல் அவள் கடலைப் பார்த்தாள்.

ஆறு மணிக்கு இன்னும் இருபது நிமிடம். ஃபெரி பட்டர்வொர்த்தை நெருங்கும்போது அவர் இயக்குநரின் எண்ணை அழுத்தினார். "தம்பி, பழனியப்பன் பேசுறேன். வரேன்" என்றார். அவ்வளவுதான். நவமணி கைப்பேசியை வாங்கிக்கொண்டாள்.

"தம்பி, நான் அவர் வீட்டுக்காரி. சாப்பாடு எப்படி அங்க? அவருக்கு இனிப்பு நீர், சக்கரை வியாதி இருக்கு, நேரத்துக்குச் சோறு போட்டுறணும். அப்புறம், யார் யார் எப்ப அடிக்கிறாங்கன்னு முன்னாடியே சொல்லிருங்க. அவருக்கு முட்டி வலி."