திசைகாட்டிக்குக் கீழே பிள்ளையார்

நான் வசிக்கும் ரண்டர்ஸ் நகரில் நண்பரோடு சேர்ந்து ஒரு சிறிய விமானம் வைத்திருக்கிறேன். "பிள்ளையார் இல்லாட்டி நான் ஏறமாட்டன்" என்று மனைவி சொன்னதால், காரில் இருந்த பிள்ளையாரை விமானத்தின் திசைகாட்டிக்குக் கீழே ஒட்டினேன். சிலையின் அடியில் காந்தம் இருந்ததை யோசிக்கவில்லை.

சிறு விமான உரிமையாளர்களுக்கான வார இறுதிப் பயிற்சிக்கு அந்த விமானத்திலேயே போனேன். வானில் பக்கத்தில் இருந்த பயிற்சியாளர் ஜிபிஎஸ்ஸை அணைத்துவிட்டு, திசைகாட்டியை மட்டும் பார்த்து விமானத்தளத்துக்குத் திரும்பச் சொன்னார். அது காட்டியபடியே ஓட்டினேன். வயல்கள் தெரியவேண்டிய இடத்தில் கடல் தெரிந்தது.

பயிற்சியாளர் கையை நீட்டிப் பிள்ளையாரைக் கழற்றினார். திசைகாட்டி மெல்லச் சுழன்று வேறு திசையைக் காட்டியது. அந்தத் திசையில் திரும்பி வந்து இறங்கினோம்.

வீட்டில் சொன்னேன். "பாத்தியளே, பிள்ளையார்தான் காப்பாத்தினவர்" என்றாள் மனைவி.

இப்போது விமானம் மேலெழும்பும் முன் திசைகாட்டியை ஓடுதளத்தின் திசையோடு சரிபார்க்கிறேன். பிள்ளையார் பின் இருக்கையில் பெல்ட் போட்டு வருகிறார்.