லின் சாரின் கடைசிப் பிடித் தேயிலை

பால் ஊற்றாத டீயை டீ என்றே சேர்க்கமாட்டாள் மாதனூர் தனகோடி. ஆம்பூர் ஷூ கம்பெனி கேன்டீனில் அத்தனை பேருக்கும் டீ போடுகிறவள், பின் எப்படிப் பேசுவாள்? மிஷின் பார்க்கத் தைவானிலிருந்து வந்த லின், குட்டி மண் குடுவையில் உருண்டை உருண்டையான இலையைப் போட்டுக் கொதிநீர் ஊற்றி, முதல் தண்ணீரைக் கொட்டியதும் தனகோடி சிரித்துவிட்டாள்.

"இன்னா சார், கொட்றதுக்கா டீ போட்றீங்க?"

அவர் ஒரு கிண்ணம் நீட்டினார். வாயில் வைத்ததும் தீய்ந்த கடலைத் தோல் மாதிரி இருந்தது. விழுங்கிய பிறகு தொண்டையில் ஒரு தித்திப்பு வந்து நின்றது பாருங்கள், அசந்துபோனாள். அதே இலைக்கு ஐந்தாறு தடவை தண்ணீர் ஊற்றலாமாம். அன்றிலிருந்து மூன்றாம் தண்ணீர் அவளுக்கு என்று ஆகிவிட்டது.

தைவான் மலையூர் ஒன்றில் கரி நெருப்பைச் சாம்பலால் மூடி, அந்த அனலில் பொறுமையாக இலையை வறுத்தவர் லின்னின் அப்பா என்று ஆபீஸ் கரோலின் சொன்னாள். இப்போது அவர் படுத்த படுக்கை. டப்பாவில் இருப்பது தீர்ந்தால் தீர்ந்ததுதான்.

கடைசிப் பிடியைக் குடுவையில் போட்டுத் தண்ணீர் ஊற்றிய நேரத்தில் போன் வந்தது. லின் எழுந்துபோய் மதிலோரம் நின்றுவிட்டார்.

"அப்பா போய்ட்டாராம்க்கா," என்றாள் கரோலின்.

தனகோடி மதிலோரம் பார்த்தாள். ஐயோ பாவம், கண்காணாத ஊரில் ஒண்டிக்கட்டை, கட்டிக்கொண்டு அழக்கூட நாதியில்லை! சாவுச் சேதி வந்தால் வீட்டில் ஆக்கி வைத்ததைக் கொட்டிப் பாத்திரத்தைத் தேய்த்துக் கவிழ்ப்பார்கள். இவருக்கு அதைச் செய்ய யார் இருக்கிறார்கள்? இலையைத் தண்ணீரோடு சாக்கடையில் கொட்டினாள். குடுவையைச் சோப்புப் போட்டு, உள்ளே படிந்த கறை போகத் தேய்த்தாள்.

லின் திரும்பி வந்தார். குடுவையைத் திறந்தார், முகர்ந்தார்.

"அக்கா, இன்னா பண்ணீங்க? அதான்க்கா கடைசி இலை! அதுல சோப்பே போடக்கூடாது, மண்ணு வாசனைய இழுத்துக்கும்!" என்று பதறினாள் கரோலின்.

"எங்கூட்டு சாவா நெனச்சிதாம்மா செஞ்சேன்... நான் பாவி." தனகோடி தலையில் அடித்துக்கொண்டாள்.

கரோலின் அதை அவருக்கு ஆங்கிலத்தில் சொன்னாள். எங்கே கொட்டினாள் என்று மட்டும் கேட்டார். தனகோடி கை காட்டினாள். அவர் சாக்கடை ஓரமாய்ப் போய்க் குந்தினார். இலை எல்லாம் போயிருந்தது. பால் டீ கிளாஸ் கழுவிய தண்ணீர்தான் ஓடிக்கொண்டிருந்தது.

தனகோடி அவர் பக்கத்தில் உட்கார்ந்து, முகம் பார்த்திராத அந்தக் கிழவருக்காக, "என்னப் பெத்த அப்பா" என்று மாரில் அடித்து ஒப்பாரி வைத்தாள். ஒரு வார்த்தையும் புரியாத லின் அப்போதுதான் வாய்விட்டு அழுதார்.