பராமரிப்பாளர் பெயர்

தொண்ணூறுகளின் கடைசியில் நான் ராஜபாளையத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்திலிருந்து தினமும் பஸ். சென்டர் முதலாளி அதற்கு முன்பு பேண்டேஜ் துணி வியாபாரம் பார்த்தவர். கம்ப்யூட்டரை ஆன் செய்ய அவருக்குத் தெரியும். ஆஃப் செய்ய என்னைக் கூப்பிடுவார்.

எனக்கு அப்போது லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தின் மேல் பைத்தியம். லினக்ஸைத் தொகுத்து வெளியிடும் ஒரு தன்னார்வக் குழு, ஒரு நிரல்மொழியின் லைப்ரரிகளைப் பொதியாகக் கட்டித்தர ஆள் கேட்டிருந்தது. லைப்ரரி என்றால் யார் யாரோ எழுதிவைத்த குட்டி நிரல்கள். மொத்தம் இருபத்தாறு. எது எங்கே போய் உட்கார வேண்டும், எது எதை நம்பியிருக்கிறது, எதன் உரிமம் என்ன சொல்கிறது என்றெல்லாம் எழுதி, ஒரே கட்டளையில் அத்தனையும் இறங்கும்படி செய்ய வேண்டும். நான் செய்கிறேன் என்று எழுதிப் போட்டேன். வகுப்பில்லாத மதியங்களில் மூன்று மாதம் பிடித்தது. ஒரு லைப்ரரிக்கு உரிமமே இல்லை. எழுதியவரைக் கேட்டால், அப்படி ஒன்றை எழுதியதே மறந்துவிட்டது என்று ஐந்து வாரம் கழித்துப் பதில் போட்டார்.

"டீச்சரம்மா பேக்கிங் பண்ணுது" என்று முதலாளி வருகிறவர்களிடம் சொல்வார். எங்கள் பக்கம் பேக்கிங் என்றால் பேண்டேஜ் சுருளை அட்டைப்பெட்டியில் அடுக்குவது. நானும் ஆமாம் என்றுவிடுவேன்.

பொதியை அனுப்பும் நாளில் பின்னால் வந்து நின்றார்.

"இது என்ன, பேரு போடுற எடமா?"

"பராமரிப்பாளர் பேரு சார்."

"அதுல ஏம் பேரப் போடும்மா. சென்டர் என்னுது, கம்ப்யூட்டர் என்னுது, போன் லைனும் என்னுது."

"நீங்க ஒரு வரி கூட எழுதலையே சார்."

"மில்லு மொதலாளி உக்காந்து நூலா நூக்காரு?"

"இதுல பேரு இருந்தா கடுதாசியெல்லாம் ஒங்களுக்குத்தான் வரும் சார்."

"வரட்டுமே! ஒலகம் பூரா நம்மளத் தெரியணும்ல?"

எரிச்சலில், அவர் பெயரையும் மின்னஞ்சல் முகவரியையுமே போட்டு அனுப்பினேன்.

நான்காம் நாளே முதல் மின்னஞ்சல் வந்தது. ஆங்கிலத்தில் மூன்று பத்தி. மேலே தன் பெயரைப் பார்த்த முதலாளி, மீதியைப் படிக்காமலே அச்செடுத்து, லேமினேட் செய்து, வரவேற்பு மேசைக்கு மேலே மாட்டிவிட்டார்.

நான் படித்தேன். எங்கள் பொதி வேறொரு பொதியின் கோப்பை அழித்துவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தது. இதைக் கட்டிய ஆளிடம் இனி எதையும் கட்ட ஒரு முழக் கயிறு கூடக் கொடுக்கக் கூடாது என்று முடித்திருந்தார் எழுதியவர். தப்பு முழுக்க என்னுடையது. அன்றைக்கே திருத்த உட்கார்ந்தேன்; பத்துப் பதினைந்து நாள் வேலை இருந்தது. ஆனால் சுவரில் தொங்குவதைப் பற்றி மூச்சு விடவில்லை. அதில் எனக்கு ஒரு சுகம் இருந்தது, மறைப்பானேன்.

பத்து நாள் வருகிறவர் போகிறவரெல்லாம் அதைப் பயபக்தியோடு பார்த்தார்கள். பிறகு மம்சாபுரத்திலிருந்து, ஓய்வுபெற்ற இங்கிலீஷ் வாத்தியார் ஒருவர் மகளைச் சேர்க்க வந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

"இது யாரத் திட்டியிருக்கு?"

"திட்டா? பாராட்டுல்ல சார்!" என்றார் முதலாளி.

வாத்தியார் வரிக்கு வரி தமிழில் சொன்னார். வகுப்பறை மொத்தமும் காது கொடுத்தது. மகளை அவர் வேறு சென்டரில் சேர்த்தார்.

"ஏம்மா, மொதல்ல ஏம் பேர எடு."

"யாரு பேராவது இருந்தே ஆகணும் சார்."

"அப்ப ஒம் பேரப் போடு."

"மொதலாளி இருக்கையில நான் எப்படி சார்?"

ஒரு வாரம் அவர் பெயரை அப்படியே விட்டேன். அதற்குள் இன்னும் ஆறு கடிதம். ஒவ்வொன்றையும் அச்செடுத்துக் கொண்டுவந்து, "இது திட்டா, பாராட்டா?" என்று கேட்டார். ஒன்று மட்டும் நன்றிக் கடிதம். அதையும் திட்டு என்றே சொன்னேன்.

எட்டாம் நாள், திருத்திய பொதியை என் பெயரில் அனுப்பினேன். அதன்பிறகு யார் விசாரித்தாலும் முதலாளி, "அது டீச்சரம்மா வேலை, எனக்கு அதுல ஒண்ணுமே தெரியாது" என்பார். சென்டரைப் பற்றி அவர் வெளியில் சொன்னவற்றில் உண்மை அது ஒன்றுதான்.