தரையில் நட்ட பச்சை ஆப்பிள்

வளைகுடா நாட்டில், ருவைஸில் கம்பெனி கொடுத்த வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் மணல் இருந்தது. எங்கள் வரிசையில் யாரும் எதையும் தரையில் நடுவதில்லை. கறிவேப்பிலையானாலும் முருங்கையானாலும் வெட்டிய பிளாஸ்டிக் டிரம்மில்தான். காலி செய்யச் சொன்னால் யாருக்காவது தூக்கிக் கொடுத்துவிட்டுக் கிளம்பலாம்.

அப்படிப்பட்ட இடத்துக்கு என் வீட்டுக்காரர் ஒரு வெள்ளிக்கிழமை ஆப்பிள் கன்றோடு வந்து இறங்கினார். புளிப்பான பச்சை ஆப்பிள். உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தின்பதில் அவருக்கு அவ்வளவு ஆசை.

"பாலைவனத்துல ஆப்பிளா? கிறுக்குப் பிடிச்சிருக்கா உங்களுக்கு?"

"சூடு தாங்குற ஒட்டுக்கன்னாம். நர்சரி பாய் சத்தியம் பண்றார்."

தொலையட்டும் என்று விட்டேன். டிரம்மைத் தேடாமல் அவர் கடப்பாரையை எடுத்தபோதுதான் எனக்குச் சந்தேகம் தட்டியது.

ஊரில் நான் அரசுப் பள்ளி டீச்சர். சம்பளமில்லாத விடுப்பில் வந்திருந்தேன். வருகிற ஜூனில் போய்ச் சேராவிட்டால் வேலை போய்விடும். இதுதான் கடைசி வருஷம், மூவரும் சேர்ந்தே போய்விடலாம் என்று மகள் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தவர் அவர்.

"இது எப்பக் காய்க்கும்?"

"மூணு வருஷம் ஆகும்."

"ஜூன்ல ஊருக்குப் போறவருக்கு இது எதுக்கு?"

"அடுத்து வர்றவங்க சாப்பிட்டுட்டுப் போறாங்க."

அடேயப்பா, என்ன ஒரு தர்மப்பிரபு! பக்கத்து வீட்டுக்கு ஒரு கொத்து கறிவேப்பிலை கொடுத்தாலே முணுமுணுக்கிற ஆள்.

அன்றிலிருந்து அவர்மேல் ஒரு கண் வைத்தேன். டூட்டி முடிந்து வந்தால் ஷூவைக்கூடக் கழற்றாமல் கன்றுக்குத் தண்ணீர். வெயில் படாமல் பச்சை வலை. கைக்கு மொபைல் வந்த புதுசு. அது அடித்தால் தோட்டத்துக்குப் போய்விடுவார். நான் டீயோடு பின்னால் போனால் "அச்சா பாய், அச்சா" என்று பேச்சு டக்கென்று முடியும். ஊருக்கு அட்டைப்பெட்டி கட்டும் பேச்சை எடுத்தால் அவருக்குத் தலைவலி வந்துவிடும். கன்றோ ஜம்மென்று துளிர்த்தது. எனக்கு அதைப் பார்க்கவே பற்றிக்கொண்டு வந்தது.

மார்ச்சில், தோட்டத்தில் வைத்தே, டிக்கெட் போடச் சொன்னேன்.

"போக வர சேர்த்துத்தானே?" என்றார்.

"கான்ட்ராக்டை நீட்டிச்சாச்சா?"

"கேட்டாங்க. சரின்னுட்டேன். இன்னும் மூணே வருஷம், அப்புறம் கல்லாஸ், எல்லாம் முடிஞ்சுது. உன் வேலை என்ன பெரிய கலெக்டர் வேலையா?"

கத்தினேன். அழுதேன். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நானும் பிள்ளையும் போறோம். நீங்க இருந்துட்டு வாங்க" என்றேன்.

மனிதர் பதறி எழுந்தார். போகாதே என்பார், பிள்ளையை விட்டுவிட்டு எப்படி இருப்பேன் என்பார் என்று எனக்கும் ஒரு நப்பாசை.

"ஃபேமிலி இல்லேன்னா வீட்டைப் புடுங்கிட்டு பேச்சிலர் ரூம்ல தள்ளிருவாங்களே! கன்னை என்ன பண்றது?"

அன்று சாயங்காலமே நான் போய் எனக்கும் மகளுக்கும் டிக்கெட் போட்டேன்.