வெள்ளிக்கிழமை வேண்டாம்

"கால்வாய் உறைஞ்சிடுச்சுப்பா!" என்று கத்திக்கொண்டே பௌக்யே உள்ளே ஓடிவந்தாள். குல்லாயைக்கூடக் கழற்றவில்லை.

கட்டிலில் கிடந்த ஹில்கேவின் முகம் மலர்ந்துவிட்டது. ஐஸ் சறுக்கலென்றால் பைத்தியமான எங்கள் ஃபிரீஸ்லாந்துக்காரனிடம் இதைச் சொன்னால் செத்தவனும் எழுந்து உட்காருவான். ஹில்கேவோ பல குளிர்காலங்களாக ஊரின் ஐஸ் மேஸ்திரி. பால் வண்டி ஓட்டியது பிழைப்புக்கு. கால்வாயில் துளைபோட்டுப் பார்த்து, ஐஸ் ஆள் பாரம் தாங்கும் என்று கொடி ஏற்றச் சொன்னதுதான் வாழ்க்கை. அவர் சொல்லாமல் ஒரு பயல் சறுக்குக் காலணியை மாட்ட மாட்டான். மேயரே ஒருமுறை அவசரப்பட்டு இறங்கப்போய், ஊர் பார்க்க வாங்கிக் கட்டிக்கொண்டார்.

இப்போது அவர் தலைக்குள் கட்டி. வலி ஒரு பக்கம், வார்த்தைகள் ஒவ்வொன்றாக நழுவுவது இன்னொரு பக்கம். பேச்சற்றுக் கிடக்க மாட்டேன் என்று நெதர்லாந்துச் சட்டப்படி எழுதிக் கொடுத்துச் சாவைக் கேட்டார். இரண்டு டாக்டர்கள் ஒப்புக்கொண்டு, வெள்ளிக்கிழமை ஊசி என்று முடிவாகியிருந்தது. தேவாலயம் தவறாத மகளுக்கு அது பொறுக்கவில்லை. "கொடுத்தவர் எடுத்துக்கட்டும், நாள் குறிக்க நீ யாருப்பா?" என்று மல்லுக்கு நின்றாள். அன்று அந்த அறையில் காலே வைக்க மாட்டேன் என்றும் சொல்லிவிட்டாள். குளிர் இப்போது அவள் கட்சியில் சேர்ந்துவிட்டது!

"சனிக்கிழமை கொடி ஏத்தலாம்ப்பா. நீ இல்லாம யாரு பாக்குறது?"

"அடி கள்ளி, எனக்கே ஐஸ் வைக்கிறியா?" என்று சிரித்தார். ஆனாலும் டாக்டர் சீத்ஸ்கே வந்ததும், "வெள்ளிக்கிழமை வேணாம் டாக்டர், செவ்வாய்க்கிழமை வாங்க" என்றார்.

"தாராளமா. ஆனா அன்னைக்கும் ஒருதரம் கேப்பேன், ஹில்கே. பதில் உங்ககிட்டேருந்து தெளிவா வரணும். எழுதிக் கொடுத்தது மட்டும் எனக்குப் போதாது. அதுக்குள்ள பேச்சு போயிடுச்சுன்னா, என் மனசு ஒப்பாது."

"தெரியும். அதுக்காக ஐஸ் காத்துக்கிட்டு நிக்குமா?"

பௌக்யேவுக்கு உள்ளுக்குள் ஒரே குதியாட்டம். நாலு நாள் கிடைத்ததே! அதற்குள் மனசு மாறாதா என்ன?

சனிக்கிழமை ஊரே திரண்டது. சறுக்கு நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஹில்கே துளைபோட்டார், தடியால் தட்டினார், காதைச் சாய்த்துக் கேட்டார். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"ஏத்துங்கடா கொடியை!"

அடேயப்பா, அந்தக் கூச்சல்! பட்டாணி சூப் ஆவி பறந்தது. விழுந்தவனைப் பார்த்து ஊர் சிரித்தது, எழுந்தவன் தானும் சிரித்தான். பௌக்யே நாற்காலியைத் தள்ளிக்கொண்டு பறந்தாள்.

"இன்னும் வேகமா தள்ளுடி! என் பால் வண்டியே இதைவிட வேகமாப் போகும்!"

"வாயை மூடிக்கிட்டு வாப்பா, பல்லு உறைஞ்சிடப் போவுது!"

காற்றாலை தாண்டி, பாலம் தாண்டி, இருவருக்கும் கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டது. அப்படி ஒரு சந்தோஷத்தை அவள் அதுவரை அனுபவித்ததே இல்லை.

திங்கட்கிழமை மழை பிடித்தது. அன்று மாலை ஹில்கேவுக்கு வலிப்பு வந்தது. மறுநாள் கண் விழித்தபோது பேச்சு இல்லை, வலி மட்டும் இருந்தது.

சீத்ஸ்கே அவர்மேல் குனிந்தார். "ஹில்கே, நான் எதுக்கு வந்திருக்கேன்னு தெரியுதா? வேணுமா?"

அவர் வாய் அசைந்தது. ஏதோ சத்தம் வந்தது. அது சொல்லாக இல்லை. டாக்டர் மறுபடியும் கேட்டார். வெகுநேரம் காத்திருந்தார். பிறகு பையை மூடிவிட்டு, அறைக்குள் வராமல் வாசலிலேயே நின்ற மகளைப் பார்த்தார்.

"வலி குறைய மருந்து தர்றேன். அதுக்கு மேல என்னால முடியாது, பௌக்யே."

இந்தப் பதிலுக்காகத்தான் அவள் இத்தனை நாளும் ஜெபித்தாள். அப்பா முனகி முனகித் துடிப்பதை ஒரு நிமிடம்கூட அவளால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. ஓடிப்போய்க் கட்டிலருகே மண்டியிட்டு, அவர் முகத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டாள்.

"அப்பா, ஆமான்னு சொல்லுப்பா. ஒரே ஒரு தடவை. தலையையாவது ஆட்டுப்பா!"